பேச ஒரு நேரம், பாஸ் சொல்ல ஒரு நேரம்

சீட்டுக்கட்டு என்றதும் முகம் சுளிப்பவர் நம்மிடையே பலர். அதில் நியாயமும் உண்டு. பணம் வைத்து ஆடிக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர் கதை எந்த ஊரிலும் கேட்கக் கூடியதே. ஆனால் அந்தப் பழியை ஐம்பத்திரண்டு அட்டைகளின் மேல் சுமத்துவது, கத்தி கையை அறுத்ததென்று காய் நறுக்குவதையே விட்டுவிடுவது போலாகும். ஒரு காசும் வைக்காமல், சதுரங்கத்தைப் போல மூளைக்கு வேலை கொடுக்கும் சீட்டாட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் பிரிட்ஜ். உலக பிரிட்ஜ் சம்மேளனத்தை 1999-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அங்கீகரித்தது. 2018-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றபோது, ஆடவர் இரட்டையர் பிரிவில் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கப் பதக்கம் வென்றனர். ஒருவருக்கு வயது அறுபது, மற்றவருக்கு ஐம்பத்தாறு. கால் ஓடும் வேகம் குறைந்தாலும் அறிவு ஓடும் வேகம் குறைவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ!

இவ்வாட்டத்தின் எல்லா நுணுக்கங்களையும் இச்சிறு கட்டுரையில் அடக்க இயலாது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். எதிரணியினர் ஏலத்தைத் தொடங்கிவிட்டார்கள். நாம் உள்ளே புகுவதா? அல்லது வாய்மூடி இருப்பதா? பல்லாண்டு ஆடியவர்களையும் இன்னும் வியர்க்க வைக்கும் கேள்வி இது.

ஆட்டத்தின் அமைப்பு

ஆட்டம் அறியாத தோழியருக்காக முதலில் சில வார்த்தைகள். மேசையைச் சுற்றி நால்வர் அமர்வர். எதிரெதிரே இருப்பவர் கூட்டாளிகள். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒவ்வொருவரும் ஒரு சீட்டாக இறக்க, நான்கு சீட்டு சேர்ந்தது ஒரு பிடி. ஆக மொத்தம் பதின்மூன்று பிடிகள்.

ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடைபெறும். நம் ஊர்ப்புறங்களில் ஆடும் இருபத்தெட்டும், யாழ்ப்பாணத்தார் விரும்பி ஆடும் முந்நூற்றுநான்கும் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. அவற்றில் கேள்வி கேட்டு ஏற்றுவது போலவே இங்கும் கேட்க வேண்டும். "1 ஸ்பேட்" என்று ஒருவர் கேட்டால், "ஸ்பேடைத் துருப்பாக வைத்து, ஆறும் ஒன்றும் ஏழு பிடி எடுப்போம்" என்று பொருள். "2 ஸ்பேட்" என்றால் எட்டுப் பிடி. "4 ஸ்பேட்" என்றால் பத்து. இனங்களுள் கிளாவர் கடைசி. அதற்கு மேல் டைமண்ட், ஆர்ட்டின், ஸ்பேட். எல்லாவற்றிற்கும் மேலே துருப்பே இல்லாத ஆட்டம். முன்னவர் கேட்டதைவிட மேலாகத்தான் அடுத்தவர் கேட்க முடியும். கேட்க விருப்பமில்லாதவர் "பாஸ்" சொல்லலாம். ஒரு கேள்விக்குப் பின் மூன்று பேர் தொடர்ந்து பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது. எதிரணியின் கேள்வி நிறைவேறாது என்று நினைப்பவர் "டபுள்" சொல்லலாம். அப்போது தோல்வியின் தண்டனை பெருகும்.

கையின் பலத்தை அளக்க ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளி கணக்கிடுவர். கட்டு முழுவதற்கும் 40 புள்ளி. ஆகவே சராசரிக் கை என்பது 10 புள்ளி. ஏலத்தைத் தொடங்கச் சுமார் 12 அல்லது 13 வேண்டும் என்பது பொது வழக்கு.

பெரியம்மா கேட்ட ஒரு கேள்வி

நாம் இவ்வாட்டத்தைக் கற்கத் தொடங்கிய புதிதில் நடந்தது இது. நமக்கு ஆசான் நம் பெரியம்மா. அன்று அவரே நம் கூட்டாளி. வலப்பக்கத்தவர் "1 ஸ்பேட்" என்று தொடங்கினார். நம் கையில் 14 புள்ளிகள்! மகிழ்ச்சி தாங்கவில்லை. தொடங்கவே போதிய பலம் இருக்கும்போது சும்மா இருப்பதா? ஐந்து சீட்டு உள்ள இனம் கிளாவர் ஒன்றே. அதில் பெரிய சீட்டு ராணி மட்டும். மற்றவை எட்டும் அதற்குக் கீழும். இருந்தாலும் "2 கிளாவர்" என்று கம்பீரமாகக் கேட்டோம். இடப்பக்கத்தவர் புன்னகையோடு "டபுள்" என்றார். அவர் கையில் கிளாவர் குவிந்திருந்தது. எடுக்க வேண்டியது எட்டுப் பிடி, எடுத்ததோ ஐந்து. மூன்று பிடி குறைவு. அபராதம் 800.

பெரியம்மா திட்டவில்லை. சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, பதினாலு புள்ளி இருந்தது சரி. என்ன சொல்லணும்னு வாயைத் திறந்தே?"

நமக்குப் பதில் தெரியவில்லை. புள்ளி இருந்தது, ஆகையால் பேசினோம். நம் புள்ளிகளில் பெரும்பங்கு எதிரியின் ஸ்பேடிலேயே முடங்கிக் கிடந்தது. வாய்மூடி இருந்திருந்தால் அவர்களே தம் ஒப்பந்தத்தில் திண்டாடியிருப்பார்கள். கையில் பலம் இருப்பது வேறு, பேசுவதற்குக் காரணம் இருப்பது வேறு என்ற பாடத்தை அன்று 800 புள்ளி விலை கொடுத்து வாங்கினோம். இக்கட்டுரையின் சாரமும் அதுவே.

நான்கு காரணங்கள்

அப்படியானால் பேசுவதற்குரிய காரணங்கள் எவை? நான்கைச் சொல்லலாம்.

முதலாவது, ஒப்பந்தம் நம்முடையதாகக் கூடும். எதிரணி தொடங்கிவிட்டதாலேயே ஆட்டம் அவர்களுடையதாகிவிடாது. 12 புள்ளி அவரிடம் இருந்தால் மிச்சம் 28 மூவரிடம் இருக்கிறது.

இரண்டாவது, கூட்டாளிக்கு வழி காட்டலாம். கடைசியில் எதிரணியே ஆடினாலும், முதல் சீட்டை இறக்குபவர் நம் பக்கத்தவர். எந்த இனத்தை இறக்குவது என்று அவர் இருட்டில் தடவாமல், நம் கேள்வி ஒரு விளக்காக நிற்கும்.

மூன்றாவது, எதிரணியின் பேச்சுக்கு இடத்தைக் குறைக்கலாம். அவர்கள் ஒரு படியில் சாவகாசமாகச் செய்தி பரிமாறிக்கொள்வதை நம் ஒரு கேள்வி தடுத்துவிடும்.

நான்காவது, தியாகம். எதிரணி 4 ஆர்ட்டினை நிறைவேற்றினால் அவர்களுக்கு 420 அல்லது 620 கிடைக்கும். நாம் 4 ஸ்பேட் கேட்டு, டபுள் பட்டு, இரண்டு பிடி குறைந்து 300 இழந்தாலும் லாபம் நமக்கே! தோற்பதாலும் வெல்லலாம் என்பது இவ்வாட்டத்தின் விந்தைகளுள் ஒன்று.

இந்நான்கில் ஒன்றாவது இருந்தால் பேசலாம். ஒன்றுமில்லாமல் புள்ளிகள் மட்டும் இருந்தால்? பாஸ்.

பேச்சின் விலை

பேச்சுக்கு விலையும் உண்டு. நாம் கேட்டது நிறைவேறாமல் போகலாம். நம் சீட்டுகள் எங்கே இருக்கின்றன என்று எதிரணிக்கே துப்பு கிடைத்துவிடலாம். எல்லாவற்றிலும் மோசமானது, நம்மை நம்பிய கூட்டாளி தவறான வழியில் போகலாம்.

விலை எல்லா வேளையிலும் ஒன்றாக இராது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி "வல்னரபிள்" என்ற நிலையில் இருக்கலாம். அதாவது அடி பலமாக விழும் நிலை. சாதாரண நிலையில் டபுள் பட்டு ஒரு பிடி குறைந்தால் 100, இரண்டு குறைந்தால் 300, மூன்று குறைந்தால் 500 அபராதம். வல்னரபிள் நிலையிலோ அதே தோல்விகளுக்கு 200, 500, 800. எதிரணி 2 ஆர்ட்டினைச் சரியாக நிறைவேற்றினால் அவர்களுக்குக் கிடைப்பது 110 மட்டுமே. அதைத் தடுக்கப்போய் 200 கொடுப்பது, பத்து ரூபாய்க் குடையைத் தேட இருபது ரூபாய் வண்டிச்சத்தம் கொடுத்த கதைதான்.

இச்சொல்லுக்குப் பின்னே ஒரு சுவையான வரலாறு உண்டு. இன்று உலகம் ஆடும் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் கணக்கு முறையை வகுத்தவர் அமெரிக்கச் செல்வர் ஹரால்டு வாண்டர்பில்ட். 1925-இல் 'ஃபின்லாந்து' என்னும் கப்பலில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாக ஹவானாவுக்குச் சென்ற பயணத்தில் நண்பர்களோடு ஆடிப் பார்த்தே அதை உருவாக்கினார். ஒரு கட்டத்தை வென்றுவிட்டு, இனி அதிக அபராதத்துக்கு ஆளாகும் அணியை என்னவென்று அழைப்பது என அவர்களுக்குப் புரியவில்லை. கப்பலில் வந்த ஓர் இளம்பெண் "வல்னரபிள்" என்ற சொல்லைச் சொன்னாள். அச்சொல் நிலைத்துவிட்டது. அவள் பெயரோ மறைந்துவிட்டது. தமக்கும் நண்பர்களுக்கும் அவள் பெயர் நினைவில்லையே என்று பிற்காலத்தில் வாண்டர்பில்ட் வருந்தினார். ஆண்கள் கூடிய மேசையருகே தக்க நேரத்தில் ஒரே ஒரு சொல் சொன்ன அந்தப் பெண், நம் தலைப்புக்கே உதாரணமாக விளங்குகிறாள் அன்றோ!

மூன்று கைகள்

இனி மூன்று கைகளைப் பார்ப்போம். மூன்றிலும் வலப்பக்கத்தவர் "1 ஆர்ட்டின்" என்று தொடங்கியிருக்கிறார். நம் முறை.

முதல் கை: ஸ்பேடில் ஏஸ், ராஜா, ஜாக்கி, 10, 6, ஆர்ட்டினில் 7, 4, டைமண்டில் 8, 5, 3, கிளாவரில் 9, 6, 2. புள்ளி எட்டே எட்டு. சராசரியிலும் குறைவு. ஆனால் "1 ஸ்பேட்" என்று தயங்காமல் கேட்கலாம். ஸ்பேட் வரிசை கெட்டியானது. முதல் படியிலேயே இடம் இருக்கிறது. கூட்டாளி ஸ்பேடை இறக்கினால் நமக்கு மகிழ்ச்சி. எதிரணியின் பேச்சுக்கும் இடம் சுருங்கும். ஒரே கேள்வியில் மூன்று காரணங்கள் நிறைவேறுகின்றன.

இரண்டாம் கை: ஸ்பேடில் ஜாக்கி, 8, 6, 4, 2, ஆர்ட்டினில் ராஜா, ராணி, ஜாக்கி, டைமண்டில் ராஜா, 7, கிளாவரில் ராணி, 8, 3. புள்ளி 12. முதல் கையைவிட நான்கு அதிகம். ஆனாலும் பாஸ் சொல்வதே விவேகம். ஸ்பேட் வரிசை ஓட்டைப் பாத்திரம். கூட்டாளி நம்மை நம்பி ஸ்பேடை இறக்கினால் அவருடைய ராஜாவும் வீணாகலாம். ஆர்ட்டினில் உள்ள மூன்று பெரிய சீட்டுகளும் எதிரணியின் துருப்பை எதிர்த்து நிற்க நன்கு உதவும். நாம் ஆடும்போதோ அவற்றால் பெரும்பயன் இல்லை. எதிரியின் இனத்தில் நமக்குப் பலம் இருந்தால், அவர்கள் ஆடட்டும், நாம் தடுப்போம் என்று இருப்பதே முறை.

மூன்றாம் கை: ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 7, 3, ஆர்ட்டினில் 6 மட்டும், டைமண்டில் ஏஸ், 10, 8, 4, கிளாவரில் ராஜா, ராணி, 9, 2. புள்ளி 13. ஐந்து சீட்டு உள்ள இனம் எதுவும் இல்லை. எதைக் கேட்பது? இங்கே "டபுள்" சொல்ல வேண்டும். இது தண்டிக்கும் டபுள் அன்று. "எனக்குத் தொடங்கும் பலம் உண்டு, அவர்கள் இனம் என்னிடம் இல்லை, மற்ற மூன்றில் உனக்கு எது நீளமோ அதைச் சொல்" என்று கூட்டாளியிடம் கேட்கும் டபுள். தான் முடிவு செய்யாமல் மற்றவரை முடிவு செய்ய அழைப்பதும் ஒரு பேச்சுதான்.

எட்டுப் புள்ளிக்குப் பேச்சு, பன்னிரண்டுக்கு மௌனம்! புள்ளி எத்தனை என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். பொதுவாகச் சொன்னால், முதல் படியில் கேட்க ஐந்து நல்ல சீட்டும் எட்டுப் புள்ளியும் போதும். இரண்டாம் படியில் கேட்பதென்றால் விலை ஏறிவிட்டது. அதற்கு இன்னும் கெட்டியான வரிசையும், தொடங்கத்தக்க பலமும் வேண்டும். நம் 2 கிளாவர் அன்று கவிழ்ந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

காலம் அறிதல்

காலமறிதலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். பிரிட்ஜிலும் அதற்குத் தனி இடம் உண்டு.

புகுவதானால் தொடக்கத்திலேயே புகுவது நல்லது. எதிரணியில் ஒருவர் மட்டும் பேசியிருக்கும்போது, மற்றவர் கையில் என்ன உண்டு என்று தொடங்கியவருக்கும் தெரியாது. நம்மை டபுள் சொல்லித் தண்டிப்பதா, தம் வழியில் ஏறுவதா என்று அவர்களும் திகைப்பர். இருவரும் ஒருவருக்கொருவர் கதை சொல்லி முடித்த பிறகு நாம் புகுந்தால், நம்மை எடை போட அவர்களிடம் தராசு தயாராக இருக்கும்.

மிகவும் ஆபத்தான நேரம் எது? இடப்பக்கத்தவர் ஓர் இனத்தைக் கேட்டு, நம் கூட்டாளி பாஸ் சொல்லி, வலப்பக்கத்தவர் வேறோர் இனத்தைக் கேட்ட பின் வரும் நம் முறை. இருபுறமும் பலம், இருவருடைய பலத்துக்கும் இன்னும் எல்லை தெரியவில்லை. கூட்டாளி கையில் ஒன்றும் இல்லாமலிருக்கக் கூடும். இரு சக்கரங்களுக்கிடையே கை நீட்டுவது போன்ற இடம் இது. மிக நல்ல வரிசை இல்லாவிட்டால் பேசாதிருப்பதே மேல்.

கடைசி இடத்தின் துணிவு

இதற்கு நேர்மாறான ஓர் இடமும் உண்டு. இடப்பக்கத்தவர் 1 ஆர்ட்டின் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டாளி பாஸ். வலப்பக்கத்தவர் 2 ஆர்ட்டின் என்று ஆதரித்தார். நாம் பாஸ். தொடங்கியவரும் பாஸ். இப்போது நம் கூட்டாளியின் முறை. அவரும் பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது.

கூட்டாளியின் இடத்தில் நாமே இருப்பதாக எண்ணிப் பார்ப்போம். கையில் ஸ்பேட் ராணி, 9, 7, 5, 3. ஆர்ட்டின் 8, 2. டைமண்ட் ஏஸ், 10, 6. கிளாவர் ராஜா, 7, 4. ஒன்பது புள்ளி. வரிசை பலமற்றது என்று முதலில் பாஸ் சொன்னோம். இப்போது என்ன செய்வது?

எதிரணியினர் ஏன் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டார்கள்? மேலே ஏறப் பலம் இல்லாததால்தான். அவர்களிடம் சேர்ந்து சுமார் 20 முதல் 23 புள்ளி இருக்கலாம். அப்படியானால் நம் பக்கம் 17 முதல் 20. நம்மிடம் 9 இருப்பதால் கூட்டாளியிடம் 8 முதல் 11 வரை இருந்தாக வேண்டும். அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் எதிரணியின் தயக்கமே அவருக்காகப் பேசிவிட்டது!

இன்னொரு கணக்கும் உண்டு. கணிதத்தில் விருப்பமுள்ள தோழியர் காகிதம் எடுத்துக்கொள்ளலாம். இரு கூட்டாளிகளிடம் சேர்ந்து 26 சீட்டு. எதிரணியிடம் ஒன்பது ஆர்ட்டின் இருந்தால் நம்மிடம் நான்கு. மிச்சம் 22 சீட்டும் மற்ற மூன்று இனங்களில் அடங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏழு வைத்தாலும் 21 தான் ஆகிறது. ஆகவே ஏதோ ஓர் இனத்தில் நமக்கு எட்டாவது இருந்தே தீரும். அவர்களுக்குப் பொருந்திய இனம் உண்டென்றால் நமக்கும் பொருந்திய இனம் பெரும்பாலும் உண்டு என்பது இதனால் தெளிவாகும்.

ஆகையால் "2 ஸ்பேட்" என்று இப்போது கேட்கலாம். முதலில் பாஸ் சொல்லிவிட்டதால், நம் கையைப் பெரிதென்று கூட்டாளி தவறாக எண்ணவும் மாட்டார். ஆனால் அவரும் ஒன்றை மறக்கக் கூடாது. தம்மிடமுள்ள புள்ளிகளை நாம் ஏற்கெனவே எண்ணித்தான் பேசினோம். "ஆஹா, என்னிடம் பத்துப் புள்ளி இருக்கிறதே" என்று அவர் மூன்றாம் படிக்கு ஏறினால், ஒரே அரிசியை இரண்டு முறை உலையில் போட்டதாக எண்ணும் சமையற்காரி போலாவார்.

எதுவரை ஏறலாம்?

பேசத் தொடங்கிய பின் எங்கே நிற்பது? இதற்கு ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சு நாட்டவர் ஓர் எளிய அளவுகோல் கண்டார். 1969-இல் அமெரிக்காவின் 'பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழில் அவர் கட்டுரை வெளிவந்தது. 1992-இல் லாரி கோஹன் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது.

இரு அணிகளும் தத்தம் சிறந்த இனத்தைத் துருப்பாக்கி ஆடினால் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை, அவ்விரு இனங்களிலும் அவரவரிடமுள்ள துருப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம் என்பதே அவர் கண்டது. நமக்கு எட்டு ஸ்பேட். அவர்களுக்கு எட்டு ஆர்ட்டின் என்போம். கூட்டினால் 16. அவர்கள் எட்டுப் பிடி எடுப்பார்களெனில் நாமும் எட்டு எடுப்போம்: 110 இழப்பதற்குப் பதில் 110 பெறுகிறோம். அவர்கள் ஒன்பது எடுப்பார்களெனில் நாம் ஏழு: 140 கொடுப்பதற்குப் பதில் சாதாரண நிலையில் 50 தோற்கிறோம். இரு வழியிலும் 2 ஸ்பேட் கேட்டது நன்று. ஆனால் அவர்கள் 3 ஆர்ட்டினுக்கு ஏறிய பின் நாமும் 3 ஸ்பேட் என்றால், இரு பக்கமும் எட்டுப் பிடி உள்ள ஆட்டத்தில், விழ இருந்தவர்களைக் காப்பாற்றி நாமே விழுகிறோம்.

இதிலிருந்து கிடைக்கும் கைவிதி இது: நம் பக்கம் எட்டுத் துருப்பு எனில் இரண்டாம் படி வரை, ஒன்பது எனில் மூன்றாம் படி வரை, பத்து எனில் நான்காம் படி வரை. இது சராசரிக் கணக்கே. ஒவ்வொரு கையிலும் அப்படியே பலிக்கும் என்று கொள்ள வேண்டாம். எதிரியின் இனத்தில் ராணியும் ஜாக்கியும் வைத்திருப்பவர் ஒரு படி குறைத்தே எண்ணுவது நல்லது.

தயக்கமும் பேச்சே

இன்னொன்று சொல்லியாக வேண்டும். பிரிட்ஜில் கூட்டாளியிடம் பேச உரிய சொற்கள் கேள்விகள் மட்டுமே. முகக்குறி, குரலின் ஏற்ற இறக்கம், பெருமூச்சு ஆகிய எதற்கும் இடமில்லை. குரலால் செய்தி போய்விடக் கூடாதென்று இப்போது பெரும் போட்டிகளில் கேள்விகளை வாயால் சொல்வதே இல்லை. பெட்டியிலிருந்து உரிய அட்டையை எடுத்து மேசையில் வைக்கிறார்கள். நீண்ட நேரம் யோசித்துவிட்டு நாம் பாஸ் சொன்னால், "பேசும் அளவுக்கு ஏதோ இருந்தது" என்று கூட்டாளிக்குப் புரிந்துவிடும். ஆனால் அப்படிப் புரிந்ததை அவர் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். நமக்கும் கூட்டாளிக்கும் இடையே உள்ள உடன்பாடுகளையும் எதிரணி கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்காணிப்பவர் இல்லாத வீட்டு மேசையிலும் இதைக் கடைப்பிடிப்பவரே உண்மையான ஆட்டக்காரர்.

துணிந்த ஒரு பெண்

பெண்களுக்கு இவ்வாட்டம் வருமா என்று யாரேனும் கேட்டால் ரிக்ஸி மார்கஸ் அம்மையாரைச் சொல்லுங்கள். 1910-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் புக்கோவினா பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் வாழ்ந்து வந்தவர், 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் லண்டனுக்குத் தப்பிச் சென்றார். புதிய நாட்டில் புதிய வாழ்வைத் தொடங்கியவர், 1964-இல் மகளிர் உலக ஒலிம்பியாடை வென்ற பிரிட்டிஷ் அணியில் ஆடினார். 1974-இல் உலக கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். 'துணிந்து கேள், பாதுகாப்பாக ஆடு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலும் எழுதினார். துணிவும் பாதுகாப்பும் ஒன்றையொன்று பகைப்பவை அல்ல என்பதை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது.

முடிவாக

நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு பாடத்தையே சொல்லித் தருகிறோம்: அடக்கமாக இரு, பேசாதே. அண்மைக் காலத்தில் சிலர் மற்றொரு பாடத்தைச் சொல்கிறார்கள்: எங்கும் எப்போதும் பேசு. பிரிட்ஜ் மேசை இரண்டையும் ஏற்பதில்லை. எட்டுப் புள்ளியோடு பேச வேண்டிய கையும் உண்டு. பன்னிரண்டோடு மௌனம் காக்க வேண்டிய கையும் உண்டு. எல்லோரும் ஓய்ந்த பின் கடைசி ஆளாய் எழுந்து பேச வேண்டிய வேளையும் உண்டு. பயந்து சொல்லும் பாஸும் எண்ணிச் சொல்லும் பாஸும் ஒன்றல்ல. அவசரத்தில் கேட்ட கேள்வியும் காரணத்தோடு கேட்ட கேள்வியும் ஒன்றல்ல.

எதிரே ஒருத்தி நம் சொல்லை நம்பி அமர்ந்திருக்கிறாள். நாம் சொல்வதை வைத்தே அவள் தன் அடுத்த அடியை எடுத்து வைப்பாள். ஆகவே வாய் திறக்குமுன் பெரியம்மாவின் கேள்வியை ஒருமுறை நமக்குள் கேட்டுக்கொள்வோம். பதில் இருந்தால் தலை நிமிர்ந்து பேசுவோம். இல்லாவிட்டால் அமைதியாகப் பாஸ் சொல்லி அடுத்த கைக்குக் காத்திருப்போம். சீட்டு மறுபடி கலைக்கப்படும். நம் முறையும் மறுபடி வரும்.